அக்காவின் அடுப்பும் என் வெஸ்டர்னும்

1

மற்றவர்கள் சொல்லி நீங்கள் சிரிப்பதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். ஒரு கக்கூஸுக்காகக் கூடப்பிறந்த அக்கா மேல் கேஸ் போட்ட முட்டாள் நான். ஜெயித்தும் தொலைத்தேன். நிலத்துக்கும் வரப்புக்கும் பாதைக்கும் திருத்தணி கோர்ட் வாசலில் அலைகிறவர்கள் எத்தனையோ பேர். ஒரு பீங்கான் தொட்டிக்காக ஜெர்மனியிலிருந்து பவர் எழுதி அனுப்பியவன் அநேகமாக நான் ஒருத்தன்தான்.

ஆடிக் கிருத்திகைக்கு ஊருக்குப் போய்த் திரும்பியிருக்கிறேன். பெட்டியை இன்னும் பிரிக்கவில்லை. பிரித்தால் துணிக்குள் விபூதி வாசனை இருக்கும், அதை முகர்ந்து பார்த்து நான் நல்லவன் என்று எனக்கே தோன்றிவிடும். அதற்குள் எழுதிவிட வேண்டும் என்றுதான் உட்கார்ந்திருக்கிறேன்.

ஸ்டுட்கார்ட்டுக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊரில் இருக்கிறேன். கார் உதிரிபாகக் கம்பெனியில் தரம் பார்க்கிற வேலை. உலோகத் துண்டுகளை விளக்கு வெளிச்சத்தில் திருப்பித் திருப்பிப் பார்த்து, முடியளவு கீறல் இருந்தாலும் சிவப்புப் பெட்டியில் போடவேண்டும். இருபது வருஷமாக இதைச் செய்தால் மனுஷர்களையும் அப்படித்தான் பார்க்கத் தோன்றும். எனக்குத் தோன்றியது.

2

எங்கள் நைனா சமையல்காரர். மலைக்கு வரும் காவடிக் கூட்டங்களுக்குப் பொங்கலும் புளிசாதமும் ஆக்கிப் போட்டே எங்களை வளர்த்தார். சரவணப் பொய்கைக்குப் பின்னால் தெருவிலிருந்து உள்ளே நீளமாகப் போகும் வீடு. முன்பாதியில் கூடமும் அறைகளும். பின்பாதியில் கிணறு, நான்கு அண்டா ஒரே நேரத்தில் ஏற்றக்கூடிய கோட்டையடுப்பு, பின்சந்துக்குத் திறக்கும் கதவு. நைனா போன பிறகு அந்த அடுப்பு அக்கா கைக்கு வந்தது. நகரியிலிருந்தும் புத்தூரிலிருந்தும் மெட்ராஸிலிருந்தும் வருகிற குழுக்கள் மலையிறங்கி, மொட்டைத் தலையில் சந்தனம் காய்வதற்குள் நேரே பின்சந்துக்கு வந்துவிடுவார்கள். அக்கா ஆக்குவாள். அக்கா வீட்டுக்காரரான எங்கள் பாவா வாயாலேயே பரிமாறுவார். எனக்கு இருக்கும் வாய்க்கொழுப்பு ரத்தத்தில் வந்ததில்லை, பாவாவிடம் கற்றது.

சில வருஷங்களுக்கு முன் ஊருக்குப் போனபோது என் முட்டி மடங்கவில்லை. இந்தக் குளிரில் இத்தனை வருஷம் நாற்காலியிலேயே வாழ்ந்த முட்டி அது. முன்பக்கத்தில் இருந்த கக்கூஸில் உட்கார்ந்தவன் எழுந்திருக்க முடியாமல் குரல் கொடுத்து, பாவா வந்து தூக்கிவிட்டார். அந்த அவமானத்தை அவர் அக்காவைத் தவிர யாரிடமும் சொல்லவில்லை. அடுத்த முறை நான் போவதற்குள் கிணற்றடிக்குப் பக்கத்தில் ஒரு வெஸ்டர்ன் வந்திருந்தது. அக்காவே கூட நின்று கட்டியது. அவர்கள் வீட்டில் வேறு யாருக்கும் அது பழக்கமில்லை, நான் இல்லாத மாதங்களில் மூடிமேல் வெங்காயக் கூடை இருக்கும். குழாய் எந்தப் பக்கம் போகிறது, எங்கே போய் விழுகிறது என்றெல்லாம் நான் கேட்கவில்லை. உட்காருகிறவன் எதற்கு அதையெல்லாம் கேட்க வேண்டும்?

நாம் நல்லபடியாக இருக்கும்போதே வீட்டைப் பிரித்து எழுதிக்கொள்ளலாம் என்று ஆரம்பித்ததும் அக்காதான். எங்கள் பக்கத்தில் ஒரு வழக்கம் உண்டு. மூத்தவர் கூறு போடவேண்டும், இளையவர் முதலில் எடுக்கவேண்டும். பிரிக்கிறவர் கையில் எடுக்கிற உரிமை இல்லாததால் பிரிப்பது நேராக இருக்கும். அழகான ஏற்பாடுதான், எடுக்கிறவன் நானாக இல்லாவிட்டால்.

அக்கா முன்பாதி, பின்பாதி என்று கூறு போட்டாள். தெருப் பார்த்த முன்பாதிக்குத்தான் மதிப்பு அதிகம். அதை வேண்டுமென்றே தூக்கலாக வைத்தாள், தம்பி கண்ணை மூடிக்கொண்டு அதை எடுப்பான், அடுப்பு தனக்கு மிஞ்சும் என்று. நான் எடுக்கப்போகிறேன் என்று முன்பக்கத்துக்கு வெள்ளையடித்துக்கூட வைத்திருந்தாள்.

வீடியோ காலில் நான் பின்பாதி என்றேன்.

"பின்னாடியா? உனுக்கு அங்க இன்னாடா வேலை?"

வெஸ்டர்ன் அங்கேதான் இருக்கிறது என்று சொல்லியிருக்கலாம். சொல்லியிருந்தால் சிரித்துவிட்டு முன்பக்கத்தில் இன்னொன்று கட்டியிருப்பாள். ஆனால் கம்பெனியில் பெரிய ஆள், ஊரில் ஜெர்மனிக்காரர், இதைப்போய் எப்படிச் சொல்வது?

"எனக்கு இஷ்டம்க்கா."

அக்கா போனை எங்கோ மல்லாக்க வைத்துவிட்டு அண்டாவைக் கிளறப் போய்விட்டாள். கரண்டி சத்தம் கேட்டுக்கொண்டிருந்தது. நான் ஜெர்மனியிலிருந்து எங்கள் சமையல்கட்டுக் கூரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். கூரை முழுக்கப் புகைக்கரி. அந்தக் கரி எனக்குப் பின்னால் உபயோகப்பட்டது.

3

இந்த இடத்தில் எங்கள் கீழ்வீட்டுக்காரரைப் பற்றிச் சொல்லவேண்டும். ஓய்வுபெற்ற மனுஷர். தொப்பி இல்லாமல் வெளியே வரமாட்டார். இந்த நாட்டில் பல பேர் உடம்புக்கும் காருக்கும் காப்பீடு எடுப்பது மாதிரி வழக்குக்கும் காப்பீடு எடுத்து வைத்திருக்கிறார்கள். பணம் கட்டியாயிற்று, வழக்குத்தான் இல்லை. தேடவேண்டியிருக்கிறது. அவர் தேடி என் தாளிப்பைக் கண்டுபிடித்தார்.

ஒரு நாள் அவருடைய வக்கீலிடமிருந்து கடிதம் வந்தது. மேல்வீட்டில் எழும் புகையும் நெடியும் கட்டடத்தின் சுவர்களில் ஊறி நிரந்தரச் சேதம் உண்டாக்குகின்றன, குடியிருப்போரின் உடல்நலத்தைக் கெடுக்கின்றன, முறையான வாழ்க்கைக்கு இடையூறாக இருக்கின்றன. இத்தனையும் நாலு கடுகு, ரெண்டு காய்ந்த மிளகாய்க்கு. ஒரு மாதம் இதை வைத்து ஊர் முழுக்கச் சிரித்தேன். ஒரு மூக்குக்காகச் சட்டத்தையே எழுப்பி உட்கார வைத்துவிட்டானே என்று பாவாவுக்கு வாய்ஸ் மெசேஜ் அனுப்பினேன். பாவா, அந்த மூக்குக்கு ஒரு தபா நம்ம புளிக்காய்ச்சலைக் காட்டணும் மச்சான் என்று பதில் அனுப்பினார். சிரித்தோமே தவிர, பணிந்துதான் போனேன். இப்போதும் சன்னலில் நின்று பார்ப்பேன். தொப்பி தெருமுனை திரும்பினால்தான் கடுகு வெடிக்கும்.

அதே பாவாதான் பிறகு என் ரகசியத்தைக் கண்டுபிடித்தார். பின்பாதியை நான் ஏன் கேட்கிறேன் என்று ஊரே மண்டையைப் பிய்த்துக்கொண்டபோது, அவர் கே.ஜி.கண்டிகை டீக்கடையில் உட்கார்ந்து சொன்னாராம்:

"எங்க மச்சானுக்கு சொத்து மேல ஆச இல்லப்பா. உக்கார எடம் இருந்தா போதும்."

சித்தப்பா பையன் இதைச் சிரிப்பை அடக்க முடியாமல் எனக்கு அனுப்பி வைத்தான். உலகத்தையே கிண்டல் செய்து வாழ்கிறவன் நான். என்னை ஒருத்தர் கிண்டல் செய்தால் தாங்காது என்பது அன்றைக்குத்தான் எனக்கே தெரிந்தது. கீறல் விழுந்த துண்டை என்ன செய்வேன் என்று சொன்னேனே. பாவாவை சிவப்புப் பெட்டியில் போட்டேன். அக்காவும் கூடவே விழுந்தாள்.

அவளே கூப்பிட்டாள். கோபம் இல்லை, சிரிப்பும் இல்லை. முன்பக்கத்திலேயே அதே மாதிரி ஒன்று கட்டித் தருகிறேன், டைல்ஸ்கூட நீயே செலக்ட் பண்ணு, அடுப்பு மட்டும் எனக்கு விடுடா என்றாள். நான் கேட்டதற்கும் மேலாக அதில் இருந்தது. ஆனால் ஒப்புக்கொண்டால் டீக்கடை சொன்னது நிஜம் என்று ஆகிவிடும். வழக்கப்படி இளையவன்தான் எடுக்கணும், நான் எடுத்தாச்சு என்று சொல்லி வைத்துவிட்டேன். வழக்கத்தின் மேல் எனக்கு அவ்வளவு மரியாதை அதற்கு முன்னாலும் இருந்ததில்லை, பின்னாலும் இல்லை.

4

வக்கீல் முனிரத்தினத்தை நான் தேர்ந்தெடுத்த காரணம், என் ஜோக்குக்கு அவர் சிரித்தார். வேறு தகுதி எதையும் விசாரிக்கவில்லை. அவர் மூன்று வழி சொன்னார். உட்கார்ந்து பேசலாம், சமரச மையத்துக்குப் போகலாம், பாகப்பிரிவினை கேஸ் போட்டு அடுப்பை நிறுத்தச் சொல்லித் தடை வாங்கலாம். ஓட்டலில் காரமான ஐட்டத்தைக் கைகாட்டுவது மாதிரி மூன்றாவதைக் கைகாட்டினேன்.

"சட்டம் யார் பக்கம்னு தெரிய நாளாவும் சார். ஆனா காலம் உங்க பக்கம். அவங்க தெனம் அடுப்பு மூட்டணும். நீங்க மூட்ட வேணாமே."

இப்படிப் புத்திசாலித்தனமாக ஒருத்தர் பேசிக் கேட்டு எத்தனை நாளாயிற்று என்று எனக்குப் பெருமையாக இருந்தது.

பவர் எழுத மூனிக்கில் இருக்கும் நம் தூதரக அலுவலகத்துக்குப் போனேன். அங்கே ஒரு கூத்து. பாஸ்போர்ட்டில் நான் தமிழில் கையெழுத்துப் போட்டிருந்தேன். இருபது வருஷமாக ஜெர்மன் படிவங்களில் கிறுக்கிக் கிறுக்கி என் கையெழுத்து நசுங்கிய புழு மாதிரி ஆகியிருந்தது. பாஸ்போர்ட்டில் உள்ள மாதிரியே போடுங்கள் என்றார் அந்த அம்மா, பொறுமையாக. எனக்கு என் பெயரே வரவில்லை. தாழ்வாரத்தில் உட்கார்ந்து ரயில் டிக்கெட்டின் பின்பக்கத்தில், ஒன்றாம் வகுப்புப் பையன் மாதிரி என் பெயரை எழுதி எழுதிப் பழகினேன். அந்த எழுத்துகளை எனக்குக் கைபிடித்து எழுதப் பழக்கியவள் அக்கா. அவள் மேல் கேஸ் போடத்தான் மறுபடி பழகிக்கொண்டிருந்தேன். அப்போது இது எனக்குத் தோன்றவில்லை. தோன்றியிருந்தால் ஜோக்காக்கி யாருக்காவது அனுப்பியிருப்பேன்.

அடுப்பை நிறுத்தக் காரணம் வேண்டும் என்றார் முனிரத்தினம். இஷ்டம் என்று மனுவில் எழுத முடியாதாம். அந்த நிமிஷம் எனக்குக் கீழ்வீட்டுக்காரரின் கடிதம் ஞாபகம் வந்தது. பிளஸ் டூ வயதில் இருக்கும் என் மகள் யாழினியிடம் அதைக் கொடுத்து இங்கிலீஷில் எழுதித் தரச் சொன்னேன். இது நம்ம மேல வந்த கம்ப்ளெய்ண்ட் ஆச்சே, எதுக்குப்பா என்று கேட்டாள். ஆபீஸுக்கு என்றேன். நல்ல பெண், அகராதி பார்த்து எழுதிக் கொடுத்தாள். புகை கட்டடத்தின் சுவர்களில் ஊறி நிரந்தரச் சேதம். உடல்நலக் கேடு. முறையான வாழ்க்கைக்கு இடையூறு. ஜெர்மன்காரரின் மூக்குக்காகப் பிறந்த வாக்கியங்கள், அக்காவின் அடுப்புக்கு அளவெடுத்துத் தைத்த மாதிரி பொருந்தின. கூரைக் கரியைப் போட்டோ எடுத்துக் கூடவே வைத்தார்கள்.

காரணங்கள் சட்டத்தில் இருக்கின்றன, அதைப் படித்துத்தான் கேஸ் போடுகிறார்கள் என்று நினைத்துக்கொண்டிருந்தேன். அப்படி இல்லை. பிடித்தது, பிடிக்காதது, மூக்கு, முட்டி, டீக்கடை எல்லாம் வீட்டிலிருந்தே கிளம்பிவிடுகின்றன. கோர்ட்டுக்குள் போகும்போது ஒரு கறுப்புக் கோட்டு மாட்டிக்கொள்கின்றன, அவ்வளவுதான்.

ஆடிக் கிருத்திகைக்குச் சில நாள் முன்னால் இடைக்காலத் தடை வந்தது. அதுவும் முனிரத்தினத்தின் கணக்குத்தான். அந்த விழாவில் அக்கா சம்பாதிப்பதை வைத்துத்தான் அவர்கள் மறு ஆடி வரை ஓட்டுவார்கள் என்பது அவருக்குத் தெரியும். நான்தான் சொல்லியிருந்தேன்.

சித்தப்பா பையன் வீடியோ அனுப்பினான். பின்சந்துக் கதவில் அக்கா நிற்கிறாள். பூக்காவடியோடு ஒரு கூட்டம் வருகிறது. அவள் எதுவோ சொல்கிறாள், அவர்கள் திரும்புகிறார்கள். அடுத்த கூட்டம் வருகிறது. அதற்கும் சொல்கிறாள். ஒரு கிழவர், நைனா காலத்திலிருந்து வருகிறவர், உள்ளே எட்டி அணைந்த அடுப்பைப் பார்த்துவிட்டு யாரும்மா செத்தது என்று கேட்கிறார். அக்கா இல்லை இல்லை என்று கையாட்டுகிறாள். கம்பெனி கேன்டீனில் உருளைக்கிழங்கு சாலட் தின்றுகொண்டே இதைப் பார்த்தேன். இரண்டு தடவை பார்த்தேன். மனசு கலங்கிற்று என்று எழுத ஆசையாகத்தான் இருக்கிறது. கலங்கவில்லை. ஜெயிக்கிற மாதிரி இருந்தது. சாலட்டையும் மிச்சம் வைக்கவில்லை.

பாவா மட்டும் அதற்குப் பிறகு எனக்கு ஜோக் எதுவும் அனுப்பவில்லை.

5

அடுத்த ஆடியும் அடுப்பு எரியாமல் போனது. மறு ஆடி வருவதற்குள் அக்கா சமரசத்துக்கு வந்துவிட்டாள். போனில் நானும் கலந்துகொண்டேன். நடுவராக இருந்த அம்மா, உங்களுக்கு ஏதாவது சொல்லவேண்டுமா என்று அவளிடம் கேட்டார். அவன் எடுத்ததை அவனுக்கே குடுத்துடுங்க என்றாள். கேட்டவுடன் கொடுத்த மாதிரி, நடுவில் வருஷங்களே போகாத மாதிரி.

குறுக்குச் சுவர் என் செலவு. அஸ்திவாரம் ஆழமாக இருக்கவேண்டும், ஒரு எலிகூட அந்தப் பக்கத்திலிருந்து இந்தப் பக்கம் வரக்கூடாது என்று மேஸ்திரிக்கு வாட்ஸ்அப்பில் சொல்லியிருந்தேன். பள்ளம் தோண்டிக்கொண்டிருந்தபோது மேஸ்திரி ஒரு வாய்ஸ் மெசேஜ் போட்டார். வேலை நடுவில், வேகத்தைக் கூட்டி வைத்துப் பாதி கேட்டேன். ஏதோ குறுக்கே போகிறது, என்ன செய்ய என்கிறார். எது குறுக்கே வந்தாலும் வெட்டிப் பூசுங்க என்று பதில் போட்டேன். போட்டுவிட்டு ஒரு துண்டை சிவப்புப் பெட்டியில் தள்ளினேன்.

அக்கா முன்பாதியில் விறகடுப்பு வைக்கமுடியாது, புகை தெருவுக்குத்தான் போகும். அரக்கோணத்தில் ஒரு கேன்டீனில் சமையல் வேலைக்குச் சேர்ந்துவிட்டாள். விடியற்காலை ரயிலில் போய் ராத்திரி வருகிறாளாம். அங்கே கேஸ் அடுப்பு. சௌகரியமாகத்தான் இருக்கும் என்று சொல்லிக்கொண்டேன். இங்கே எங்கள் வீட்டில், இது உங்க வீட்டு விவகாரம் என்று என் மனைவி ஆரம்பத்திலேயே கழன்றுகொண்டாள். அதனால் நான் சொல்லிக்கொண்டதை மறுத்துப் பேச ஆளில்லை.

6

இந்த ஆடிக்கு யாழினியைக் கூட்டிக்கொண்டு போனேன். சின்ன வயதில் பார்த்த ஊர், அவளுக்கு எதுவும் ஞாபகமில்லை. பின்சந்துக் கதவைத் திறந்தேன். அணைந்த அடுப்பில் பூனை குட்டி போட்டிருந்தது. யாழினி அதைப் போட்டோ எடுத்து, மியூசியம் மாதிரி இருக்குப்பா என்றாள். கொஞ்ச நேரத்தில் அத்தையைப் பார்க்கணும் என்று தெருவைச் சுற்றி முன்பக்கத்துக்குப் போனவள் ராத்திரி அங்கேயே படுத்துவிட்டாள். நான் என் வெற்றியோடு தனியாகப் படுத்தேன்.

விடிகாலையில் அதை உபயோகித்தேன். வழக்கு, பவர், தடை, சமரசம் எல்லாவற்றையும் தாண்டி ராஜா மாதிரி உட்கார்ந்து எழுந்து பக்கெட் தண்ணீரை ஊற்றினேன். போகவில்லை. இன்னொரு பக்கெட் ஊற்றினேன். போனது அப்படியே திரும்பி வந்தது. திரும்பி வந்ததோடு நிற்காமல் விளிம்புக்கு ஏறிக் கிணற்றடிக்கும் வந்தது.

மேஸ்திரிக்குப் போன் போட்டேன். அவர் நிதானமாகச் சொன்னார். செப்டிக் டேங்க் முன்னாடி வாசல்லதானே சார் இருக்கு, லாரி வந்து எடுக்கணும்னு உங்க அக்கா அப்பவே அங்க கட்டினாங்க. கக்கூஸ் குழாய் குறுக்க போவுதுன்னுதான் மெசேஜ் போட்டேன். வெட்டிப் பூசச் சொன்னீங்க. பூசிட்டேன்.

எனக்கு வயிறு இன்னும் முடிந்தபாடில்லை. ஊரை விட்டுப் போனவனுக்கு ஊர்த் தண்ணீர் முதல் நாள் என்ன செய்யும் என்று உங்களுக்குத் தெரியும். குறுக்குச் சுவரில் கதவு கிடையாது, எலிகூட வரக்கூடாது என்று சொன்னது நான். முட்டி மடங்காவிட்டாலும் முன்பக்கத்துக் கக்கூஸே கதி, அதற்குத் தெருவைச் சுற்றித்தான் போகவேண்டும். ஆடிக் கிருத்திகைத் தெரு. பம்பையும் மேளமும் காவடியுமாக எதிரில் வருகிறது கூட்டம். அரோகரா என்று கத்திக்கொண்டே என்னைச் சுற்றி ஆடுகிறார்கள். நான் வேட்டியை இறுக்கிப் பிடித்துக்கொண்டு அவர்களை விடப் பக்தியோடு முன்னேறினேன். ஒருத்தர் என் முகத்தைப் பார்த்துச் சாமி வந்திருக்கு என்று வழிவிட்டு விபூதியும் பூசினார்.

முன்வாசலில் பாவா கட்டிலில் உட்கார்ந்திருந்தார். ரொம்ப இளைத்திருந்தார். என் விபூதியையும் வேட்டியையும் பார்த்தார். கேஸுக்குப் பிறகு இத்தனை வருஷத்தில் அவர் எனக்குச் சொன்ன முதல் வார்த்தை:

"வாங்க மச்சான். ஜெயிச்ச சீட்டு சௌக்கியமா?"

உள்ளே அக்கா பையில் டிபன் டப்பாவை வைத்துக்கொண்டிருந்தாள். காலை ரயிலுக்குப் புறப்படுகிறாள். ஆடிக் கிருத்திகை அன்றைக்குத் திருத்தணியிலிருந்து வெளியூருக்குச் சமைக்கப் போகிறவள் இந்த ஊரிலேயே அவள் ஒருத்தியாகத்தான் இருப்பாள். யாழினி தரையில் சம்மணம் போட்டு இட்லி தின்றுகொண்டிருந்தாள். முன்பக்கத்துக் கக்கூஸ் அவளுக்கு ஒரு கஷ்டமும் கொடுக்கவில்லையாம், முட்டி சின்னதுதானே. என்னைப் பார்த்ததும் தட்டைக் கீழே வைத்தாள்.

"அப்பா, புகைன்னு எழுதிக் கேஸ் போட்டியாமே. நான் எழுதிக் குடுத்ததா அது?"

ஏதாவது ஜோக் சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். அதற்குள் அவள் தட்டை எடுத்துக்கொண்டு எனக்கு முதுகைக் காட்டித் திரும்பி உட்கார்ந்தாள். கீழ்வீட்டுத் தாத்தா நம்மகிட்ட நேராத்தான் சண்டை போட்டாரு என்று இட்லியிடம் சொன்னாள்.

அக்காவிடம் கேட்டேன். சுவரில் ஒரு ஓட்டை போட்டுக் குழாயை மறுபடி அவள் வாசலுக்கு விட்டுக்கொள்கிறேன் என்றேன். அவள் டப்பா மூடியை அழுத்திக்கொண்டிருந்தாள். வயிறு மறுபடி இழுத்தது. அப்போது, இத்தனை வருஷம் சொல்லாததை ஒரே மூச்சில் சொன்னேன். பின்பாதியையே நீ எடுத்துக்கோ, அடுப்பு, கிணறு எல்லாம், இந்த வாரமே விடுதலைப் பத்திரம் எழுதித் தருகிறேன், இந்த ஆடிக்கு இல்லாவிட்டாலும் வர்ற ஆடிக்கு நீ மூட்டு, எனக்கு ஒண்ணும் வேண்டாம், குழாய் மட்டும் போகட்டும்.

பாவா கட்டிலிலிருந்து எழுந்து நின்றார். அவர் முகத்தில் ஒரு வெளிச்சம் வந்ததைப் பார்த்தேன். அவர் அக்காவைப் பார்த்தார். தெருவில் ஒரு கூட்டம் தெலுங்கில் தமிழ் கலந்து எதையோ கேட்டுக்கொண்டு பின்சந்துப் பக்கம் போனது. அக்கா அதைக் காதில் வாங்கினாள். பிறகு பையைத் தோளில் மாட்டினாள். வாசலுக்கு வந்து செருப்பில் ஒரு காலை நுழைத்தாள், இன்னொரு காலையும் நுழைத்தாள். என்னைப் பார்த்தாள்.

"எனக்கு இஷ்டமில்லடா."